திருவோணத்தின் பழைய வெளிச்சம்

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் அது வராது.

மாதம் தவறாமல் திருவோணத்தன்று குச்சவெளியிலிருந்து பஸ் ஏறிக் கோயிலுக்குப் போகிறேன். அர்ச்சனைத் துண்டில் உங்கள் பெயரையும் உங்கள் நட்சத்திரமான திருவோணத்தையும் எழுதிக் கொடுக்கிறேன். உயிரோடு இருப்பவருக்குச் செய்கிற அர்ச்சனைதான். போன மாதம் புது ஐயர் துண்டைப் பார்த்துவிட்டு, "ஐயா வெளிநாட்டிலையோ அம்மா? எப்ப வாறார்?" என்று கேட்டார். "வருவார்" என்றேன்.

கடலுக்கு இரண்டு பேராகப் போனீர்கள். உங்கள் தம்பி மட்டும் வள்ளத்தோடு திரும்பினான். அவன் இடுப்புச் சாரம் அரைவாசிதான் நனைந்திருந்தது. உங்களுக்காகக் கடலில் குதித்திருந்தால் முழுக்க நனைந்திருக்குமே. அதை நான் மறக்கவில்லை. உங்கள் உடலைக் கடல் தரவில்லை. செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்ய நான் விடவில்லை. அன்றிலிருந்து அவனோடு கதையில்லை.

எங்கள் பேத்தி பள்ளிக்கூடத்தில் வானத்தைப் பற்றிப் படிக்கிறாள். பொழுதுபட்டதும் முற்றத்தில் நின்று திருவோணத்தைக் காட்டினாள். கிட்டத்தில் இருக்கிற நட்சத்திரமாம். அரை நாளுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுழன்றுவிடுமாம். "சுத்திச் சுத்தி இடுப்புப் பெருத்துப் போச்சு அம்மம்மா, உங்களைப் போல" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இப்ப தெரியிற வெளிச்சம் பதினேழு வருஷத்துக்கு முந்தி அங்கையிருந்து வெளிக்கிட்டது."

வருகிற ஐப்பசியோடு நீங்கள் போய்ப் பதினேழு வருஷம். அதற்கு எனக்குப் படிப்புத் தேவையில்லை.

அப்படியென்றால் இத்தனை நாளும் நான் பார்த்தது, நீங்கள் இந்த முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த நாட்களில் புறப்பட்ட வெளிச்சம். ஐப்பசி கழிந்தால் வருவது, நீங்கள் இல்லாமல் போன பிறகு புறப்பட்டது. அதை எந்தக் கண்ணால் பார்ப்பேன்? ஒரு கிழமையாவது அதை மறித்து வைக்க ஏலாதா? ஆரிடம் போய்க் கெஞ்ச?

நேற்று உங்கள் தம்பி படலையடியில் வந்து நின்றான். கிழவனாகிவிட்டான். "மச்சாள், ஒரு மோட்ச அர்ச்சனையாவது செய்வம். அண்ணையை இன்னும் எவ்வளவு காலம் அந்தரத்திலை விடப்போறியள்?"

அவன் போய்விட்டான், கேள்வி போகவில்லை. நான்தானா உங்களைக் கரைக்கு வரவும் விடாமல், போகவும் விடாமல், நடுக்கடலில் பிடித்து வைத்திருக்கிறேன்?

ஐப்பசித் திருவோணத்துக்குப் போவேன். துண்டு எழுத மாட்டேன். உங்கள் பெயரை முதல்முறையாக வாயால் சொல்லி, மோட்ச அர்ச்சனை என்றும் சொல்வேன். உங்கள் தம்பி பக்கத்தில் நிற்கட்டும். அவனோடு கதைக்கச் சொல்லி மட்டும் கேட்காதேங்கோ.

அந்த நாள் வரைக்கும் பொட்டோடு இருக்கிற,
உங்கள் பெண்சாதி.