மேல் கானுக்கு ஆள் கூப்பிட்டவளுக்கு

மழை பிடித்துவிட்டது. கதவோரம் சாத்தி வைத்திருக்கும் உன் மம்பட்டியிலிருந்து ஈரமண் வாடை வீடு முழுக்க அடிக்கிறது. கழுவினால் நாளைக்கு மறுபடியும் சேறாகும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

பண்டாரவளையிலிருந்து நம் சூழல் குழுக்காரர்கள் காலையிலிருந்து போன் மேல் போன். காலநிலை மாற்றத்தைக் கண்டித்து உடனே அறிக்கை வேண்டுமாம். மழையைக் கண்டித்து யாருக்கு அனுப்புவது? நீ இருந்திருந்தால் நீயே கேட்டிருப்பாய். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், எரிச்சலை எனக்கு விட்டுவிட்டு.

அன்றைக்கும் இதே கூத்துதான். நம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையின் வாசலில் ஒலிபெருக்கி கட்டி, மலையில் மரம் வெட்டுகிறவர்களால்தான் மண் சரிகிறது என்று முழங்கிக்கொண்டிருந்தேன். விறகுக் கட்டோடு வந்த கடைசி வீட்டு அக்கா அப்படியே நின்றுவிட்டார். நீ மைக்கைப் பிடுங்கினாய்.

"அடுப்பெரிக்கிற பொம்பளய ஏசுனா மழ நிக்குமாடி? மேல் கான் வாய்க்கா மண்ணு விழுந்து தூந்து கெடக்கு. மலைத்தண்ணி அம்புட்டும் நேரா லயத்து மேலதான் எறங்கும். வெட்ட வாறியா, சும்மா கத்துறியா?"

அத்தனை பேர் முன்னால்! உன்னை அறையலாம் போலிருந்தது.

ஆள் சேர்க்கிறேன் என்று தப்பு மேளம் அடிக்கிற பெரியப்பாவிடம் ஓடினாய். எந்த அடி என்று கேட்டிருக்கிறார். "எல்லாரும் ஒடனே ஓடி வாற அடி பெரியப்பா" என்றிருக்கிறாய். அவர் என்ன செய்வார்? சாவு அடி அடித்துவிட்டார். தோட்டமே பூவும் கையுமாக வந்து நின்றது. வழியிலேயே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

"யாரு போனது?"

"இன்னும் யாரும் போகல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்று பல்லைக் காட்டினாய்.

வண்டை வண்டையாக ஏசினார்கள். ஏசிக்கொண்டே மம்பட்டி எடுத்துக்கொண்டு மேலே ஏறவும் செய்தார்கள். விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு முதலில் கானுக்குள் இறங்கியது அந்த அக்காதான். நீ வாளியில் தேத்தண்ணி சுமந்து வந்தாய். அந்த மழைக்கு லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு வானம் கறுத்தாலே அதே அடிதான். அடி மாறினால் ஜனம் வராது என்று அடம்பிடித்தாய். சொன்னால் கேட்கிற ஜென்மமா நீ?

போன ஐப்பசியில் நெஞ்சுவலி என்றாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே முடிந்துவிட்டது. பெரியப்பா மழையில் நின்று அழுதுகொண்டே தப்பு அடித்தார். உன் தலைமாட்டில் நான் இருந்தேன். வந்தவர்கள் ஒருவர் கையிலும் பூ இல்லை, எல்லார் தோளிலும் மம்பட்டி. கடைசி வீட்டு அக்கா வாசலில் நின்று உன்னைத்தான் கேட்டார்.

"எங்க அவ? எந்தக் கான்னு சொல்லச் சொல்லு."

விலகி உன்னைக் காட்டினேன். உன்னை அடக்கம் செய்துவிட்டு அதே மம்பட்டிகளோடு மேல் கானுக்குப் போனோம். தேத்தண்ணி கொண்டுவரத்தான் ஆளில்லை.

அறிக்கையை நாளைக்கு எழுதுகிறேன். யார் தலையில் தண்ணீர் இறங்குகிறது என்பதையும் அதில் எழுதுவேன், விறகு சுமப்பவரை ஏச மாட்டேன். இப்போது நேரமில்லை. பெரியப்பா அடிக்கத் தொடங்கிவிட்டார். ஒரு கையில் உன் மம்பட்டி, மறு கையில் தேத்தண்ணி வாளி. வாசலில் அக்கா நிற்கிறார்.

"எந்தக் கான்?" என்கிறார். என்னைக் கேட்கிறாரடி, பாவி.