வே என்று எழுதிய பெட்டி

அன்பு மருமகளுக்கு உன் அத்தை எழுதுவது.

இங்கே எல்லாரும் உடம்புக்கு நலம். உன் உடம்பும் நலமாக இருக்க வேண்டும். உடம்புக்கு என்று நான் தனியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு, அது கீழே வரும். முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டதைக் கொடுக்காமல் என் கதையை அவிழ்த்தால் அது மரியாதை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய். நீ வேலைக்குப் போன ஊரில் தங்கும் இடத்தை அடுத்த மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், பாதிச் சாமானை, உன்னோடு வேலை செய்யும் அக்கா வீட்டில் போட்டுவிட்டுப் பாதியோடு போக வேண்டும் என்று. "நீங்கதான் ஒரு வீட்டையே ஒத்தைக் கையால மாத்தினவங்களாச்சே அத்தை, எப்படிக் கட்டணும்னு எனக்கும் சொல்லுங்க" என்றாய். உன் புருஷன் பக்கத்தில் நின்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

சாமான் கட்டுவதைச் சொல்கிறேன். கனமானதைச் சின்னப் பெட்டியில் போடு, லேசானதைப் பெரிய பெட்டியில் போடு. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்து, தூக்க வருகிறவனின் இடுப்பை ஒடிப்பார்கள். தட்டுகளைப் படுக்க வைக்காதே, புத்தகம் மாதிரி நிற்க வை. நடுவில் பழைய துணி கொடு. கண்ணாடியைப் போர்வைக்குள் சுற்றிக் கட்டிலின் பலகையோடு சேர்த்துக் கட்டு. கழற்றுகிற திருகாணியை எல்லாம் ஒரு உறையில் போட்டு, எந்தச் சாமானில் இருந்து கழற்றினாயோ அதன் காலிலேயே கட்டிவிடு. "பத்திரமா வச்சேன்" என்று தனியாக வைத்த திருகாணி இதுவரை யாருக்கும் திரும்பக் கிடைத்ததில்லை.

அந்த அக்கா வீட்டில் போட்டு வைப்பதை நேராகத் தரையில் வைக்காதே. கீழே இரண்டு பலகை போட்டு, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வை. சுவர் ஈரம் கண்ணுக்குத் தெரியாது, பெட்டிக்குத் தெரியும். துணியை நன்றாகக் காய வைத்து, ஆறின பிறகு மடி. சூட்டோடு மடித்தால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டையைத் துணியில் படாமல் தாளில் பொட்டலம் கட்டிப் போடு. உன் தையல் மிஷினின் தலையைத் தனியாகக் கழற்றி எண்ணெய் விட்டுச் சுற்றித்தான் உன் அண்ணன் வீட்டு மாடி அறையில் வைத்திருக்கிறேன். மாசம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். துருப்பிடிக்கவில்லை. அது ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன்.

கடைசியாக, பெட்டியின் மேல் என்ன எழுதுவது. இங்கேதான் என் கை நிற்கிறது.

நான் அஞ்சாவது வரை படித்தவள் என்று இந்த வீட்டில் அறியாதவர் யாரும் இல்லை. நீ கல்யாணமாகி வந்த அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பேன். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கை இது. அதனால் வீடு மாற்றின அன்றைக்குப் பெட்டிக்கு எழுதுகிற வேலையை நான் யாருக்கும் விடவில்லை. புது வீடு சின்னது. எல்லாச் சாமானும் கொள்ளாது. எடுத்துப் போக வேண்டியதில் 'எ' என்று எழுதினேன், எடு என்று அர்த்தம். வேண்டாம் என்பதில் 'வே' என்று எழுதினேன். பழைய பேப்பர்காரர் கீழே வண்டியோடு நின்றார். 'வே' போட்டதெல்லாம் அவருக்கு.

சாமான் தூக்க வந்தவர்களில் ஒருவர் நெட்டையாக, முதுகு லேசாக வளைந்து இருப்பார். எல்லாரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பினார். உன் தையல் மிஷினின் இரும்புக் காலை ஒரு ஆளாக மாடியில் இருந்து இறக்கியவர் அவர்தான். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "எழுத்து வேணாம்மா, படம் போடுங்க. சமையலுக்குச் சட்டி, துணிக்குச் சட்டை, போடுறதுக்குப் பெருக்கல் குறி. எழுத்து ஆளாளுக்கு மாறும், படம் மாறாது." எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன், "படிக்காதவனுக்குத்தான் படம். படிச்சவங்களுக்கு எழுத்து." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு பீரோவைத் தூக்கப் போய்விட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

உன் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. அதன் மூடியில் ஏற்கெனவே தையல் சாக்கட்டியால் 'வே' என்று எழுதியிருந்தது. நான் எழுதினது இல்லை. திறந்து பார்த்தேன். காக்கித்தாள், காக்கித்தாளாகச் சுருட்டி வைத்திருந்தது. கழுத்து வடிவில் ஒன்று, கை வடிவில் ஒன்று, பென்சில் கோடு, ஊசி குத்தின ஓட்டை. பார்க்கக் குப்பை மாதிரி இருந்தது. மூடிவிட்டேன்.

அப்போது வாலு வந்து நின்றாள். உன் மகள்தான், அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. "பாட்டி, இது அம்மா போட்ட வே. உன் வே-க்கு வால் நீளமா இருக்கும், இதுக்கு இல்ல. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேப்போம்" என்றாள். போன் என் மடியிலேயே இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ நாலாங் கிளாஸ், நான் அஞ்சாங் கிளாஸ். எனக்கே எழுத்துச் சொல்லித் தர வந்துட்டியா? பேசாம நட." அவள் நடந்துவிட்டாள். பெட்டி பேப்பர்காரர் வண்டிக்குப் போய்விட்டது.

ஊருக்குக் கிளம்பும் முன் நீ எழுதி வைத்தது வேண்டும் என்பதற்கு வே. நான் படித்தது வேண்டாம் என்பதற்கு வே. இரண்டுக்கும் தலை ஒன்றுதான். ஒட்டகம் சொன்னது அதுதான்.

பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் நீ வெட்டி வைத்த அளவுத்தாள்கள் அவை. ஊர் திரும்பியதும் சொந்தக் கடை போட அவைதான் உன் முதல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், தாளைப் பார்த்த நேரத்தில் அது ஞாபகத்தில் வரவில்லை. உன்னை நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனால் இது நிஜம். வேண்டும் என்று செய்யவில்லை.

அடுத்து எழுதப்போவது தெரியாமல் செய்தது இல்லை. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். பேசினால் என் வாய் எனக்குச் சாதகமாகவே வளையும். எழுதினது எழுதினபடி நிற்கும்.

இரண்டு வாரம் கழித்துப் போனில் நீ அந்தப் பெட்டியைக் கேட்டாய். கேட்ட நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய், "எல்லாம் ஏத்தினோமே, வழியில எங்க போச்சோ" என்றது. உன் புருஷன், "கடைசி நடை ஏத்தினது அந்த ஒட்டகம்தான்" என்றான். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். நான், "அவன் பார்வையே அன்னிக்குச் சரியில்ல" என்றேன். ஒரே ஒரு வரி. நீ மறுமுனையில் அழுதுகொண்டிருந்தாய். உனக்குக் கேட்டிருக்காது. உன் புருஷனுக்குக் கேட்டது.

அவன் அப்படியே ஒட்டகம் வேலை செய்யும் லாரி ஷெட்டுக்குப் போனான். திரும்பி வந்து, "ஆளை நிறுத்திட்டாங்கம்மா" என்றான். நான் சாப்பாடு போட்டேன். எனக்கும் போட்டுக்கொண்டேன். சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வாலு அன்றைக்கு முதல் என் பக்கத்தில் உட்காரவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். நேற்று முன்தினம் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் கேட்டாள், "பாட்டி, ஒட்டகம் மாமாவக் காய்கறிச் சந்தையில பாத்தேன். மூட்டை தூக்குறாரு. அவரு எடுக்கலைன்னு உனக்குத் தெரியும்ல?" ஆமாம் என்றேன். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றாள். பத்து வயசு. உன்னையே பார்த்த மாதிரி இருந்தது.

நேற்றுக் காலையில் உன் புருஷனை அழைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் வழியிலேயே சமாதானம் பேசித் திரும்பியிருப்போம். முதலாளி ஆளனுப்பி ஒட்டகத்தைச் சந்தையில் இருந்து வரவழைத்தார். தூக்குகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். பெட்டியை நான்தான் பேப்பருக்குப் போட்டேன், தெரிந்தும் பழியை இவர் மேல் போட்டேன் என்று சொன்னேன். குரல் சின்னதாக வந்தது. முதலாளி, "என்னம்மா, சத்தமாச் சொல்லுங்க" என்றார். திரும்பவும் சொன்னேன்.

ஒட்டகம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான். "உங்க மாடிப்படியில பதினேழு தடவ ஏறி இறங்கினேம்மா. ஒரு தடவையாச்சும் தண்ணி வேணும்னுகூட நானாக் கேட்டேனா? பார்வை சரியில்லன்னு எதப் பாத்துச் சொன்னீங்க?"

முதலாளி, "சரி, நாளையில இருந்து வந்துடுப்பா" என்றார். அவர் வர மாட்டேன் என்றார். "இதே எடத்துல, இவங்க அத்தன பேர் முன்னாடியும் என் சாப்பாட்டுப் பையக் கவுத்துக் காட்டினேன். இங்க நின்னு இனிமே எனக்குச் சோறு இறங்காது." சொல்லிவிட்டு, எனக்குத் தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே போய்விட்டார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் புருஷன் சொன்னான், "அன்னிக்கு நான் அந்தாளு சட்டையப் பிடிச்சேன்மா." இன்றைக்குக் காலையில் அவனே தனியாகச் சந்தைக்குப் போய் வந்தான். என்ன பேசினான் என்று நானும் கேட்கவில்லை.

இனி உன் தாள்களுக்கு வருகிறேன். பேப்பர்காரரிடம் கேட்டுவிட்டேன், அவை அரைபட்டுக் கூழாகிவிட்டன. ஆனால் நீ தைத்த சட்டைகள் இன்னும் ஆட்களின் உடம்பில்தான் இருக்கின்றன. இன்று மத்தியானம் முதல் பழைய தெருவில் வீடு வீடாகப் போகிறேன். உன் கையால் தைத்ததில் நன்றாகப் பொருந்துகிற ஒன்றை ஒருநாள் இரவல் கேட்கிறேன். காக்கித்தாளில் விரித்து, வாலு பிடித்துக்கொள்ள, நான் சுற்றிக் கோடு போடுகிறேன். ஒவ்வொரு வாசலிலும், "ஏன், அளவுத்தாள் வச்சிருந்தாளே, என்னாச்சு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. தபால்காரர் மனைவி, "நீங்களா இப்படி?" என்றாள். நான்தான் என்றேன். இதுவரை நாலு ஆகியிருக்கிறது. தையலுக்கு எவ்வளவு துணி விட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நானாக ஊகித்துப் போடப் போவதில்லை. நீ சொன்னால் போடுகிறேன்.

வாலு ஒவ்வொரு தாளிலும் யாருடையது என்று படம் வரைகிறாள். தபால்காரர் மனைவிக்குத் தபால் பெட்டி, பல் டாக்டருக்குப் பல். எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை. பென்சிலைச் சீவிக் கொடுக்கிறேன். இன்று என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கோடு போட வசதி என்பதற்காகவும் இருக்கலாம்.

அதனால் நீ பெட்டி கட்டும்போது ஒரு எழுத்தில் சுருக்கி எதையும் எழுதாதே. படம் போடு. இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. ஒட்டகம் என்று ஒருவர் சொன்னார் என்று சொல். கனமான பெட்டியை நீயே தூக்காதே. தூக்க வருகிறவர்களுக்கு அவர்கள் கேட்கும் முன் தண்ணீர் கொடு.

என் மேல் உனக்கு வரும் கோபம் சரியான கோபம். அதைக் குறைத்துக்கொள் என்று கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தால் நான் எடுக்கிறேன், ஒளிய மாட்டேன். நீ பேசாமல் இருந்தாலும் காதில் வைத்துக்கொண்டு இருப்பேன். ஆனால் என்றைக்காவது நீ என்னைத் திரும்பவும் அத்தை என்று கூப்பிட வேண்டும். வேண்டும் என்பதைச் சுருக்காமல் முழுசாக எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

நல்லபடியாகப் போய்ச் சேர். புது இடம் உனக்கு ஈரம் இல்லாத சுவரைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டில் இருக்கும்
உன் புருஷனின் அம்மா