கதவுக்கு முட்டுக் கொடுத்த செங்கல்

மதினி, நேற்று ஏசி போட்ட மருந்துக் கடைக்குள் நுழைந்தேன். வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் பட்டைகள் முகத்தில் உரசின. அந்தப் பிளாஸ்டிக் வாசனை பட்டதும் உங்கள் ஞாபகம் வந்து, வாங்கப் போன தைலத்தை மறந்து அங்கேயே சிரித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ!

சேமியா கம்பெனியில் நம் இரண்டு பேருக்கும் ஹீட்டர் ரூமில்தானே வேலை. ஈரச் சேமியாவைக் கழிகளில் தொங்கவிட்டுக் கதவை அடைத்தால் சூட்டில் காயும். நம் ரூமில் மட்டும் சூடு ஏறவே ஏறாது. மீட்டர் மட்டும் ஓட்டமாய் ஓடும். கரண்டு அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலம் வேறு. சூப்பர்வைசர் வந்து, "இந்த மாசமும் கரண்டு கொறையலன்னா ரூமைப் பூட்டிருவாங்க. வேற வேலை பாத்துக்கிடுங்க" என்றார். வேற வேலை என்றால் நம் பக்கத்தில் பட்டாசுதான். அதை விட்டு வந்தவர் நீங்கள். "பட்டினி கெடந்தாலும் அந்தப் பட்டாசு வேன்ல ஏற மாட்டேன்" என்பீர்கள்.

ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். ஃபேனைக் கழற்றிப் பார்த்தார்கள். கதவு அடையாமல் இருக்க நீங்கள் செங்கல் வைப்பதையும், ஆள் வந்தால் அதைக் காலால் தள்ளிவிடுவதையும் நான்தான் பார்த்தேன்.

"ஏன் மதினி, சேமியாவுக்குப் புழுங்குதுன்னா காத்து வாங்க விடுதீக?"

நீங்கள் சிரிக்கவில்லை.

"ஏளா, பட்டாசு ஷெட்டுல நாலு பக்கமும் கதவு தொறந்து கெடக்கணும். வெடிச்ச அன்னைக்கு ஒண்ணு மட்டும் அடைச்சுக் கெடந்துச்சு. எந்தங்கச்சி அந்தப் பக்கமா ஓடிட்டா."

அன்று அந்தச் செங்கலை நானே எடுத்து மறுபடி கதவுக்கு வைத்தேன்.

மறுநாள், புது மெஷினைச் சுற்றி வந்த தடித்த பிளாஸ்டிக்கைப் பட்டை பட்டையாக வெட்டி, கதவு நிலையில் நெருக்கமாகத் தொங்கவிட்டோம். கதவு திறந்தே கிடந்தது. உள்ளிருந்து பார்த்தால் முற்றம் தெரிந்தது. சூடு மட்டும் வெளியே போகவில்லை. அந்த மாதம் கரண்டு பில் இறங்கியது. ரூமும் தப்பியது, நாமும் தப்பினோம்.

"யாரு யோசனை?" என்றார் சூப்பர்வைசர்.

"இவதான் சார். இவ வாய்லயும் ரெண்டு பட்டை தொங்கவிடணும். பாதிக் காத்து அங்கனதான் போகுது" என்றீர்கள். ரூமே சிரித்தது.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று வாசல் கதவு காற்றுக்கு அடைத்துக்கொண்டே இருந்தது. கொல்லையில் தேடி ஒரு செங்கல் எடுத்து வந்து முட்டுக் கொடுத்தேன். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன். "யாரு வாராகன்னு பாக்குத?" என்று என் மகள் கேலி செய்கிறாள். நேற்று கடையிலும் அப்படித்தான், பட்டைகளுக்கு ஊடே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தெரு நன்றாகத் தெரிந்தது, மதினி.