ஆளில்லாத இடத்துக்கு

11 ஜூலை 1977

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைக் குறைத்து எழுதுகிறேன்.

இன்றும் பொய். "ஸ்பெஷல் கிளாஸ்பா" என்றேன். அப்பா தறியிலிருந்து தலை தூக்கவில்லை.

மைதானத்தில் நான், நீலாம்பாள், குணமாலா மூவரும் முக்கோணமாக நின்று காலால் பந்து தள்ளினோம். தள்ளியவள் நிற்கக் கூடாது. காலி இடத்துக்கு ஓட வேண்டும். நானோ ஆள் நின்ற இடத்துக்கே தள்ளுகிறேன். குணமாலா ஓடிவிடுகிறாள், பந்து வெளியே போகிறது.

பி.டி. டீச்சர் கத்தினார்: "குழலி, அவ என்ன தறியிலயா உக்காந்துக்கினு இருக்கா? போற இடத்துக்குத் தள்ளுமா!"

தறியில் பழகிய கை. புடவைக் கரைக்கு நான் நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளினால், வாங்குகிற அப்பா கை எப்போதும் அதே இடத்தில் இருக்கும்.

13 ஜூலை

திரும்பி வரும்போது பிள்ளையார்பாளையத்தில் எல்லா வீட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தறி மட்டும் நின்று நின்று ஓடியது. கரைக்கு நாடா தள்ள ஆளில்லாமல் அப்பா தனியாக. தெரிந்தால் என்னை — வேண்டாம், எழுத மாட்டேன்.

14 ஜூலை

ஆவணிக் கல்யாணப் புடவை பின்தங்கிவிட்டது. அப்பா அம்மாவிடம் சொன்னார்: "பெரியவளுக்குப் படிப்பு இருக்குது. சின்னவ பகல்ல உக்காரட்டும். மூணாங்கிளாஸ்தானே, எங்க ஓடிடப் போவுது?"

தங்கை ரேணு என்னையே பார்த்தாள். நான் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

19 ஜூலை

"அக்கா, ஒம்பதாம் வாய்ப்பாடு நடத்திட்டாங்களாம். சொல்லித் தரியா?"

சொல்லிக் கொடுத்தேன். அவள் விரல் நுனியில் பட்டு அறுத்த கோடு. அது என் விரலில் இருக்க வேண்டியது.

21 ஜூலை

இன்று வந்துவிட்டது! பார்க்காமலே காலி இடத்துக்குத் தள்ளினேன். நீலாம்பாள் அங்கே வந்திருந்தாள். செங்கல்பட்டுப் போட்டிக்குப் போகும் அணியில் என் பெயர்.

சிரிக்க முடியலை. நான் விட்டுட்டு ஓடின இடத்துல யாரு உக்காந்துக்கினு இருக்கா? எனக்குத் தெரியாதா?

22 ஜூலை

வீட்டில் சொல்லிவிட்டேன். கிளாஸ் இல்லை, பந்து என்று.

"பொட்டப் புள்ள பந்து ஒதைக்குதாமே!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "சின்னவ ஸ்கூலுக்குப் போவட்டும். சாயங்காலம் நீ உக்காரு." அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை.

28 ஜூலை

ரேணு வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறாள்.

சாயங்காலம் நான் தறியில் இருந்தபோது நீலாம்பாள் ஜன்னலுக்கு வந்தாள். "உன் இடத்துல யாரையும் நிக்க வைக்கலடி. அங்க தள்ளிட்டு, நாங்களே ஓடிப் போய் எடுத்துக்கினு வரோம்."

"போடி" என்றேன். தலை நிமிரவில்லை.

அப்பா நாடாவைக் கீழே வைத்தார். "இருட்டிடுச்சு. இழை தெரியல. எழுந்து போ."

ஜன்னல் வெயில் அவர் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது.