மூன்றாம் ஷெட்டுக்கு மாற்றிய பெட்டி

ஏப்ரல் 21, திங்கள்

வெயில் நாற்பதைத் தாண்டிவிட்டது. அலுவலகத்தில் இருப்பது ஒரே ஏசி, அதுவும் பாலசுந்தரம் சார் அறையில். பரமத்தி சாலையில் இன்னொரு கோழிப்பண்ணை நம் மென்பொருளைக் கேட்கிறதாம், சார் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் கொஞ்சம் கர்வம்தான். வெயில் ஏறியதும் கேமரா கோழிகளைப் பார்க்கும், வாயைத் திறந்து மூச்சிரைக்கின்றனவா என்று கணக்குப் போடும், ஃபேனையும் தண்ணீர் தெளிப்பையும் தானே கூட்டும். அதை எழுதியவள் நான்.

ஏப்ரல் 23

நாமகிரிப்பேட்டைப் பண்ணையில் மூன்றாம் ஷெட்டில் ஆயிரத்து நானூறு கோழிகள் செத்துவிட்டன. நேற்று, ஒரே மதியத்தில். பண்ணை முதலாளி சென்னிமலை போனில் கத்தியது சார் அறையைத் தாண்டி எங்களுக்கெல்லாம் கேட்டது.

நேற்று காலை ஷெட்டில் இருந்த கணினி எரிந்துபோயிருக்கிறது. சூப்பர்வைசர் மயில்சாமி அதன் டிஸ்க்கைக் கழற்றி, கிடங்கில் கிடந்த பழைய பெட்டியில் மாட்டி ஓடவிட்டார். காலை முழுக்க ஒழுங்காக ஓடியது. இரண்டு மணிக்குப் புரோகிராம் நின்றுவிட்டது. காலையில் போட்ட நாலு ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்க, அவர் வெளியே லாரிக்கு முட்டை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

“அவன் பொட்டிய நோண்டுனதுலதான் இத்தனையும் போச்சு” என்று முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பதினோரு வருடமாக அங்கே இருப்பவர். போன மாதம் நான் போனபோது, “வெயில்ல வந்திருக்கறீங்க அம்மிணி” என்று இளநீர் வெட்டிக் கொடுத்தவர்.

காலையில் ஓடியது ஏன் இரண்டு மணிக்கு நிற்க வேண்டும்?

ஏப்ரல் 24

தெரிந்துவிட்டது. இன்று எழுத முடியவில்லை.

ஏப்ரல் 25

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்வேன்?

புதிய புராசசர் எட்டு எண்களை ஒரே கட்டளையில் கூட்டும். பழையதற்கு அந்தக் கட்டளையே தெரியாது. தெரியாததைச் செய்யச் சொன்னால் புரோகிராம் அந்த இடத்திலேயே செத்துவிடும். அதனால் புரோகிராம் ஒவ்வொரு முறை எழும்போதும் புராசசரிடம் முதலில் கேட்க வேண்டும் — உனக்கு இது வருமா? வரும் என்றால் வேகமான வழி, வராது என்றால் மெதுவான வழி. இரண்டு வழியையும் நான் எழுதித்தான் வைத்திருந்தேன். மெதுவான வழி போதும், அந்தக் கோழிகள் பிழைத்திருக்கும்.

ஜனவரியில் பண்ணைக்காரர்கள் புலம்பினார்கள், கரண்ட் போய் வரும்போதெல்லாம் புரோகிராம் எழ அரை நிமிடம் ஆகிறது என்று. கேள்வி கேட்க நேரமே ஆகாது. அதோடு நான் சேர்த்து வைத்திருந்த சோதனை ஓட்டம்தான் அரை நிமிடத்தைத் தின்றது. அவசரத்தில் இரண்டையும் சேர்த்தே தூக்கினேன். நிறுவும் அன்று ஒரே தடவை கேட்டு, பதிலை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டேன். டிஸ்க் பழைய பெட்டிக்குப் போனபோது ‘வரும்’ என்ற அந்தப் பதிலும் கூடவே போயிருக்கிறது. கேமரா வெயில் ஏறிய பிறகுதான் வேலையைத் தொடங்கும், அன்றைக்கு இரண்டு மணிக்கு. தொடங்கியதும் அந்தக் கட்டளை. அவ்வளவுதான்.

லாரி எஞ்சினை இறக்கி இன்னொரு லாரியில் ஏற்றி ஓட்டுகிற ஊர் இது. இங்கே இருந்துகொண்டு பெட்டி மாறாது என்று நான் எப்படி நினைத்தேன்? மயில்சாமி செய்தது தப்பே இல்லை. இங்கே யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஏப்ரல் 28

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“பிரவீனா, நம்மளக் கேக்காம மெசினை மாத்துனாங்கல்ல? அப்பறம் எப்படி நம்ம தப்பாகும்? சத்தமில்லாம சரி பண்ணி எல்லாப் பண்ணைக்கும் அனுப்பிச்சிரு.”

“அந்த மயில்சாமிங்க சார்?”

“அவருக்கென்ன, வேற பண்ணையா இல்ல?”

சரிசெய்தேன். பத்து நிமிட வேலை. பதினோரு வரி. மாலைக்குள் எல்லாப் பண்ணைக்கும் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மே 1

விடுமுறை. நாள் முழுக்கத் துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி.

மே 6

உடன் வேலை செய்யும் கலைமணி அந்தப் பண்ணைக்குப் போய் வந்தாள். மயில்சாமியை வேறு எந்தப் பண்ணையும் சேர்க்கவில்லையாம். “கோழியக் கொன்னவன்” என்று பெயர் பரவிவிட்டது. பள்ளிபாளையத்தில் மூட்டை தூக்கப் போகிறாராம், ஐம்பத்து மூன்று வயதில்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். சீ.

மே 9

லீவு போட்டுவிட்டு நேராகப் பண்ணைக்குப் போனேன். பஸ்ஸில் இரண்டு தடவை இறங்கிவிடலாம் என்று எழுந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

முதலாளி சென்னிமலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏனம்மிணி, பொட்டி பழசுன்னு உங்க புரோகிராமுக்குத் தெரியாதா?”

“கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க. கேக்க வேண்டாம்னு நான்தான் எழுதி வச்சுட்டேன்.”

“இதைச் சொல்ல உனக்குப் பதினேழு நாளா?”

எழுந்து வந்துவிட்டேன். பின்னால் அவர் யாருக்கோ போன் போடுகிற சத்தம் கேட்டது.

மே 12

சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நாளைல இருந்து வர வேண்டாம்.” பரமத்தி சாலைப் பண்ணையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். என் டீக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். பயமாக இருக்கிறது. ஆனால் மூச்சு விட முடிகிறது.

மே 18, ஞாயிறு

மதியம் மயில்சாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். பண்ணையில் விலாசம் வாங்கியிருக்கிறார். ஆள் பாதியாகிவிட்டார், சட்டை தோளில் தொங்குகிறது. அம்மா “சாப்பிடுங்க” என்றதற்கு, “வேண்டாமுங்க, ஒரு மாசமாச் சோறு எறங்க மாட்டேங்குது” என்றார்.

“மொதலாளி திரும்ப வரச் சொல்றாருங்க. என்ன ஏதுன்னு ஒன்னும் சொல்லலை. அந்தப் பிரவீனாப் புள்ளையக் கேளுன்னாரு.”

சொன்னேன். கோப்பு, கேள்வி, பத்து நிமிட வேலை, ஒன்றையும் விடவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப... அதுகள நான் கொல்லலைங்களா?”

“இல்லைங்கண்ணா. நான்.”

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். அம்மா இலை போட்டாள். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. போகும்போது அம்மாவிடம் மட்டும் “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.