காற்றுப் படாத கட்டு

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
9-8-1964

அன்புள்ள தோமினிக் அண்ணனுக்கு,

தங்கை ஜோசப்பின் எழுதுகிறேன். 'நாங்கள் நலம்' என்று எழுதப் போனால் பேனா முரண்டு பிடிக்கிறது. ஆகவே உன் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிலாய் இரும்பாலைப் பக்கம் வெயில் தணிந்ததா?

நம் பசு மூன்று கன்று போட்டதாக நான் எழுதியதை நம்பி, நீ சிநேகிதர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாயே, அந்த மாதிரிக் கடிதம் இல்லை இது. மாதா மேல் சத்தியம். நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

எருக்குழியில் எரு வாரும்போது குதிகாலில் கருவேல முள் ஆழமாக ஏறிவிட்டது. முள்ளைப் பிடுங்கி, வழக்கப்படி பச்சைச் சாணி அப்பி, ஆமணக்கு இலை வைத்து, மேலே பழைய ரப்பர் துணியால் இறுக்கிக் கட்டியாயிற்று. புண்ணில் காத்து படக்கூடாது என்று ஊரே சொல்கிறதே. நைனாவும் மறுநாளே ஏர் பிடிக்கப் போனார். ஒரு வாரம் கழித்துக் கூழ் குடிக்க உட்கார்ந்தவருக்கு வாய் திறக்கவில்லை. என் வாய்க்குத்தான் பூட்டுப் போடணும் என்பார். பூட்டு விலாசம் தவறிப் போய்விட்டது அண்ணா.

பாவாடை மாமாவின் மாட்டு வண்டியில் கொண்டுவந்தோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நைனாவின் உடம்பு வில்லாக வளைந்தது. இங்கே ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். வெளிச்சம் ஆகாது என்று கறுப்புத் துணி போட்டுவிட்டார்கள். சத்தமும் ஆகாது. ஜெபமாலை மணி உரசினால்கூட அவருக்கு இழுத்துக்கொள்கிறது. அம்மா விரலை மடக்கி மடக்கி அருள்நிறை மந்திரம் எண்ணுகிறாள். நான் வாயை மூடி உட்கார்ந்திருக்கிறேன், நம்பு.

அவர் முகம் சிரிக்கிற மாதிரியே இறுகியிருக்கிறது. நான் எத்தனை கோமாளித்தனம் செய்தும் சிரிக்காத மனிதர். பார்க்க முடியவில்லை அண்ணா.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இது ரணஜன்னி, டெட்டனஸ் என்று விளக்கினார். மண்ணிலும் சாணியிலும் ஒரு கிருமி விதை மாதிரிக் கிடக்குமாம், வருஷக்கணக்கில், தின்னாமல், வளராமல். காற்றில்லாவிட்டால் நாம் செத்துப்போவோம். அதுவோ காற்றுப் பட்டால் வளரவே வளராது. ஆழமான காயமும் செத்த சதையும் காற்றுப் புகாத கட்டும் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். அந்தச் சதையைத் தின்று ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். கணக்கு வாத்தியார் ராஜாராம் சாரிடம் நான் கற்காத பெருக்கல் அதற்குப் பள்ளிக்கூடம் போகாமலே வருகிறது. அது விடுகிற விஷம் நரம்பில் ஏறித்தான் இப்படி முறுக்குகிறதாம். நாம் புண்ணுக்குக் கட்டுப் போடவில்லை, கிருமிக்குப் பந்தல் போட்டு விருந்து வைத்திருக்கிறோம். ஊசி போட்டிருக்கிறார்கள். ஆனால் நரம்பைப் பிடித்துவிட்ட விஷத்தை ஊசி இறக்காதாம். பிழைப்பாரா என்று கேட்டேன். பாக்கலாம்மா என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பிறகு, சாணி வைத்துக் கட்டியது யார் என்றார். கதவு வழியாகப் பார்த்தேன். அம்மா நைனாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கே கேட்காத குரலில், நான் காத்து படாம நல்லாத்தானே கட்டினேன், அப்புறம் இன்னா ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் கட்டினேன் சார் என்று சொல்லிவிட்டேன். படிக்கிற பொண்ணு செய்யிற வேலையா இது என்று திட்டினார். எனக்கு அது பழக்கம்தானே.

உடனே கிளம்பு. திண்டிவனத்தில் இறங்கினால் பஸ் இருக்குது. உள்ளே வரும்போது செருப்பைக் கழற்றிவிடு, நைனா என்று சத்தமாகக் கூப்பிட்டுவிடாதே. அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்பாள். நல்லாத்தாம்மா கட்டின என்று நீயும் சொல்லிவிடு. எந்தக் காலத்திலும் அதை மாற்றிச் சொல்லாதே. வழியெல்லாம் மாதா உன்னோடு வரட்டும், நீ வந்து சேரும்வரை நைனாவோடும் இருக்கட்டும்.

உன் தங்கை,
ஜோசப்பின்