முளைக்காத பச்சைப் பயறு

திங்கள் 3
காலையிலிருந்து மழை. துணியில் கட்டிவைத்த பச்சைப் பயறு மூன்றாம் நாளும் முளைக்கவில்லை. ஊறிய பயறு ஒன்று முளைக்கும், இல்லை நாறும். இது இரண்டும் செய்யவில்லை. முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்.
வாங்க: சோப்பு, தைலம், சோயா கிச்சாப், குடை (மறுபடியும்).

செவ்வாய் 4
சண்டைக்குப் போகும் முன் ஒரு சோதனை. அதே பயற்றில் பாதி பழைய கைலித் துணியில், பாதி ஃபேக்டரித் துணியில். வியர்வை நாறாத சட்டைக்காக நாங்கள் தயாரிக்கும் துணி. கழிவுத் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எங்கள் ஊரில் பாதிச் சமையலறையில் அதுதான்.
முழங்கால் வலி. மழைதான் காரணம்.

வியாழன் 6
கைலியில் இருந்தது வால் விட்டு முளைத்திருக்கிறது. ஃபேக்டரித் துணியில் போட்டது போட்டபடி. கடைக்காரன் தப்பித்தான்.
ஃபேக்டரியில் மருந்து கலக்கும் மணியிடம் கேட்டேன். வெள்ளித்தூளாம். கண்ணுக்கே தெரியாத பொடி, அதைத்தான் நானோ என்கிறார்களாம். கிருமியைக் கொல்லுமாம்.
“கிருமிய மட்டும்தானா?”
“அத அந்தத் தூளுகிட்டதான் கேக்கணும்க்கா.”
கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு சிரிக்கிறான்.
வரும்போது ஃபேக்டரிப் பின்பக்க ஓடையை எட்டிப் பார்த்தேன். அடிவரை தெளிவு. பாசி இல்லை, நத்தை இல்லை, கொசுப்புழுகூட இல்லை. வருடக்கணக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த ஓடை. இன்று நாற்றமே இல்லை.

வெள்ளி 7
வேலையில் மனம் இல்லை. தெப்ராவில் இருக்கும் தம்பி குழந்தை நினைவு. ஐந்து மாதம். அத்தை சீர் என்று வளையலோடு அந்தத் துணியில் நாலு முழம் நானேதான் மடித்து வைத்தேன். வேர்வை நாத்தமே வராது என்று பெருமை வேறு. பாவி.
தம்பி மனைவி கவிதா அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் துணி முனை குழந்தையின் வாயில்.
பயமாக இருக்கிறது.

சனி 8
முதல் பஸ். தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை. கவிதா மட்டும். குழந்தை தூளியில், துணியைச் சப்பியபடி. என்னைப் பார்த்துச் சிரித்தது.
என்ன சொல்வது? பயறு முளைக்கவில்லை என்றால் சிரிப்பாள். நம்பினால் அதைவிட மோசம், கொடுத்தது யார் என்று பார்ப்பாள். கோயிலில் நேர்த்திக்கடன், குழந்தை தொட்ட துணி வேண்டும் என்று ஒரு பொய். சாமி என்றதும் உருவிக் கொடுத்துவிட்டாள். குழந்தை வீறிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.
பஸ்ஸில் பை மடியில். எரித்தால் புகை. துவைத்தால் ஓடை. புதைத்தால் மண், அதில் பிறகு எது முளைக்கும். வீட்டுக்குள் வைக்கவும் மனமில்லை, மோட்டார் சைக்கிள் கூடைக்குள் வைத்தேன்.

ஞாயிறு 9
நல்ல வெயில். துணிகள் காய்ந்தன. பத்து மணிக்குக் கவிதாவின் குரல் செய்தி.
“அண்ணி, பாப்பா ராத்திரி பூரா அழுதுகிட்டே இருந்தா. நல்லவேளை, அந்தத் துணியில பாதிய அப்பவே வெட்டி வச்சிருந்தேன் லா, இப்பதான் ஞாபகம் வந்துச்சு. வாயில வச்சதும் தூங்கிட்டா.”
கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று போன் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பாள்.